ராசாங்கத்தின் காணா நேரம்

காலை ஒன்பதே முக்காலுக்கு ஒன்பதாம் வாயின் பச்சை விளக்கு மறுபடியும் அணைந்தது. போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிடங்கின் அடுக்கு அறையில் இருந்த காவற்கண் கேமரா அந்த நொடியே குருடானது. பதினொரு நிமிடம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல் விளக்கு எரிந்தது. எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாகஜோதி நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அன்றைக்கு இது மூன்றாவது முறை.

அவள் பழுது பார்க்க வந்த பெட்டிக்குப் பெயர் பகிர்வான். இருபத்து நான்கு வாய்கள். ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு வடம் கிளம்பி ஒரு காவற்கண்ணில் போய் முடியும். கண்ணுக்கு வேண்டிய மின்சாரமும் கண் பார்த்த காட்சியும் அந்த ஒரே வடத்தில்தான் போய்வரும். வாய் மூடினால் கண்ணும் மூடிவிடும்.

முன்பெல்லாம் கேமரா போய்விட்டால் ஆள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் காணா நேரம் என்றொரு விதியைக் கொண்டுவந்த பிறகு அப்படி விட முடிவதில்லை. கண் மூடிய அறையில் ஒரு பணியாளர் நின்ற ஒவ்வொரு நிமிடமும் அவர் பெயரில் ஏறும். ஓர் ஆண்டில் நாற்பது மணி நேரம் தாண்டினால் சரக்கு இருக்கும் இடத்தில் அவர் கால் வைக்கக் கூடாது. அந்தக் கிடங்கில் மட்டுமல்ல, எந்தக் கிடங்கிலும். ஏன் என்று விளக்கம் எழுத நிறுவனத்தின் படிவத்தில் இடமே கிடையாது. இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் ஒருநாளும் மூட்டை தூக்கியிருக்க மாட்டார்.

அடுக்கு அறைப் பொறுப்பாளர் ராசாங்கத்துக்கு முப்பத்தேழு மணி நேரம் ஏறியிருந்தது. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு வருடமாக அதே கிடங்கு. பாக்கெட் இல்லாத சட்டைதான் தைத்துக்கொள்வார். வீட்டில் பாயசம் வைத்தால் ஏலக்காயைக் கடைத்தெருவில் வாங்கிப் போவார். காயின் தரம் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கடித்துப் பார்ப்பது வழக்கம். அவர் கடிக்க மாட்டார், காதருகே குலுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் இன்னும் மூன்று மணி நேரம் தாண்டினால் திருட்டுப் பட்டத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

நாகஜோதி முறைப்படிதான் ஆரம்பித்தாள். வடத்தை மாற்றினாள். முனைகளை வெட்டி எறிந்து புதிய முனைகளை இடுக்கியால் அழுத்திப் பொருத்தினாள். மின்சாரம் போதவில்லையோ என்று அளந்து பார்த்தாள். தேவைக்கு மேலேயே இருந்தது. கண்ணை ஒன்பதாம் வாயிலிருந்து பதினேழுக்கு மாற்றினாள். பதினேழும் அறுந்தது. அடுக்கு அறைக் கண்ணைக் கழற்றி ஏலக்கூடத்தில் மாட்டினாள், ஏலக்கூடத்துக் கண்ணை இங்கே கொண்டுவந்தாள். அங்கே போனது ஒழுங்காகப் பார்த்தது, இங்கே வந்தது அறுந்தது. பழுது வாயிலும் இல்லை, வடத்திலும் இல்லை, கண்ணிலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ராசாங்கம் ஒரு கல்யாணத்துக்காக விடுப்பு எடுத்தார். அன்றைக்கு ஒரு வாய்கூட அறுபடவில்லை. புதன்கிழமை எடை போடும் அறைக்கு ஆள் குறைந்ததால் அவரை அங்கே அனுப்பினார்கள். அதுவரை ஒருமுறைகூட அறுபடாத நான்காம் வாய் அன்று ஆறு முறை அறுந்தது.

மேலாளர் கிருபாகரனுக்கு இது போதுமானதாக இருந்தது. ராசாங்கம் உடம்பில் கேமராவைக் கெடுக்கும் அலைதடுப்பான் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறார் என்றார். செல்பேசி, கைக்கடிகாரம், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். தரம் பிரிக்கும் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ராசாங்கம் பனியனும் வேட்டியுமாகக் கண்ணுக்குக் கீழே நின்றார். நான்காவது நிமிடம் விளக்கு அணைந்தது. அவர் அழவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகஜோதிக்குத்தான் அந்த இடத்தில் நிற்க அவமானமாக இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் அவள் பகிர்வானின் உள்பதிவைத் திறந்தாள். பழுது பார்க்கிறவர்கள் வழக்கமாக மேல்பதிவோடு நின்றுவிடுவார்கள். அதில் 'இணைப்பு அறுந்தது, இணைப்பு வந்தது' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. உள்பதிவில் ஒவ்வொரு அறுபடலுக்கும் ஒரு காரணம் எழுதியிருந்தது. எல்லா வரியிலும் ஒரே காரணம்.

'பார்க்கத் தேவையில்லை.'

கையேட்டை மறுபடி புரட்டியபோது விஷயம் விளங்கியது. மூளை வைத்த காவற்கண்கள் மின்சாரத்தைக் குடிக்கும். அதனால் புதிய பகிர்வான்களில் கவனச் சிக்கனம் என்ற ஏற்பாட்டை வைத்திருந்தார்கள். எந்த அறையில், யார் இருக்கும்போது, தப்பு நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பெட்டி தானாகவே கற்றுக்கொள்ளும். வாய்ப்பு அறவே இல்லை என்று தெரிந்தால் அந்த வாயை மூடி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், அவ்வப்போது திறந்து யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளும். வந்த நான்கு மாதத்தில் பகிர்வான் ராசாங்கத்தை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது. இருபத்தெட்டு வருடம் கூட இருந்த மனிதர்களுக்கு அவ்வளவு புரிந்ததாகத் தெரியவில்லை.

கிருபாகரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். ஏற்பாட்டை நிறுத்த முடியாதா என்றார். நிறுத்தினால் பெட்டியில் காப்பீட்டுக்காரர்கள் வைத்த முத்திரை உடையும், முத்திரை உடைந்தால் காப்பீடு போய்விடும், காப்பீட்டுக்காரர்கள் ஏற்கிற எல்லாப் பெட்டியிலும் இதே ஏற்பாடுதான் என்றாள் நாகஜோதி.

“நல்லவரா இருக்காரு, அதனால படம் இல்லன்னு நான் எழுதி அனுப்பினா அவங்க சிரிப்பாங்கம்மா,” என்றார் அவர். “நீங்க ஏதாவது செஞ்சு கண்ணை முழிக்க வைங்க. என்ன செஞ்சீங்கன்னு நான் கேக்க மாட்டேன்.”

கண்ணை விழிக்க வைக்க ஒரே வழிதான் இருந்தது. அதை ராசாங்கத்திடம் சொல்ல நாகஜோதிக்கு அரை நாள் பிடித்தது.

“அண்ணே, கேமரா பாத்துக்கிட்டு இருக்கையில ஒரே ஒரு காயை எடுத்து மடியில வச்சுக்கங்க.”

“எதுக்கு?”

“அது உங்களச் சந்தேகப்படணும். சந்தேகப்பட்டாத்தான் பாக்கும்.”

“இம்புட்டு வருசம் தொட்டதில்ல தாயி.”

“அதுதான்ணே பிரச்சினையே.”

இரண்டு நாள் அவர் மறுத்தார். முப்பத்தெட்டு மணி நேரம் ஆனது. மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் வெளியே போன பிறகு, அவர் ஒரு மூட்டையின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து ஒரு காயை எடுத்தார். பழக்கமில்லாததால் அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வேட்டி மடிப்பில் செருகினார். பகிர்வான் முன்னால் உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்த நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பதாம் வாய் அன்று மாலைவரை பச்சையாகவே எரிந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அவர் அந்தக் காயைக் கொண்டுவந்து மூட்டையில் திரும்பப் போட்டார். அரை மணி நேரத்தில் வாய் மூடியது. நாகஜோதி ஓடிவந்து, எடுத்ததைத் திருப்பி வைக்கக் கூடாது, பெட்டி அதையும் பார்க்கிறது என்று கெஞ்சினாள். அதன்பிறகு அவர் திருப்பி வைக்கவில்லை. தினமும் சாப்பாட்டு மணிக்கு ஒரு காய். காணா நேரம் முப்பத்தெட்டே காலில் நின்றுபோனது. நாகஜோதி 'பழுது நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து ராசாங்கம் பேருந்து ஏறி, தேனியில் இருந்த அவள் கடைக்கே வந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னார். ஒரு காய் ஐந்து வாரம் தாங்கியதாம். அதற்குப் பிறகு எடுத்தாலும் வாய் மூடிக்கொண்டதாம். அவராகவே யோசித்து ஒரு கைப்பிடி எடுத்திருக்கிறார். அது பன்னிரண்டு நாள் ஓடியிருக்கிறது. போன வாரம் அரைப்படி. நேற்று அதுவும் பலிக்கவில்லை. முப்பத்தொன்பதே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

நாகஜோதிக்கு என்ன நடந்தது என்று உடனே புரிந்தது. பெட்டி கற்றுக்கொண்டே இருக்கிறது. இந்த ஆள் இவ்வளவு எடுப்பார், இதற்கு மேல் எடுக்க மாட்டார் என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்துகொண்டு, நிம்மதியாகக் கண்ணை மூடுகிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் மேசையைத் துடைத்தாள். வேறு வேலை ஏதாவது பார்க்கலாமே என்று மெல்ல இழுத்தாள்.

“காணா நேரத்துல வெளிய போனா களவாணின்னுதான சொல்லுவாக,” என்றார் ராசாங்கம். “அந்தப் பேரோட எம்மக வீட்டுக்கு எப்படிப் போவேன்?”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒரு மூட்டையா எடுத்தா எத்தன நாளைக்குப் பாக்கும்னு மட்டும் சொல்லு தாயி. முன்கூட்டியே தெரிஞ்சா, நல்ல சரக்கத் தொடாம, மட்டமானதாப் பாத்து ஒதுக்கி வச்சுக்கிருவேன்.”