கழுகுக்கு எண்ணத் தெரியாது

கூடாரத்திலிருந்து கிளம்பிய மைத்துனன் இன்னும் கரையைக்கூட எட்டவில்லை, அதற்குள் கழுகு வந்து இறங்கிவிட்டது. இறங்கியதுகூடப் பரவாயில்லை, அவன் காலடியில் இறங்கியது. அவன் நின்று அதைக் குனிந்து பார்த்தான். அதுவும் கழுத்தைச் சாய்த்து அவனைப் பார்த்தது. பிறகு இருவரும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள்.

பல் டாக்டர் கூடாரத்துக்குள் முக்காலியில் குறுகி உட்கார்ந்து, லென்ஸை நுழைத்திருந்த ஓட்டை வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். விரல் தன் பாட்டுக்கு ஷட்டரை அழுத்திக்கொண்டே போனது. இறக்கையின் ஒவ்வொரு இறகும், மஞ்சள் அலகின் கொக்கியும், கண்ணைச் சுற்றிய வளையமும் அவ்வளவு சுத்தமாக விழுந்தன. அதற்கப்புறம்தான் இது சரியில்லை என்று உறைத்தது.

ஏனென்றால் கழுகு அப்படிப்பட்ட பிறவி இல்லை. அந்த ஏரியில் பெரிய கழுகு ஒரு ஜோடி இருந்தது. மனிதத் தலை ஒன்று தெரிந்தால் போதும், அக்கரைக்குப் போய்விடும், அன்றைக்குத் திரும்பவே திரும்பாது. நாணலுக்கு நடுவே பச்சைத் துணிக் கூடாரம் அடித்து ஒளிந்தாலும், உள்ளே ஆள் போனதைப் பார்த்துவிட்டால் இறங்காது. இதற்குப் பறவைப் படக்காரர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. கூடாரத்துக்குள் இரண்டு பேராகப் போக வேண்டும். சற்று நேரம் கழித்து ஒருவர் மட்டும் வெளியே வந்து, கழுகு நன்றாகப் பார்க்கும்படி கையை வீசிக்கொண்டு நடந்து போய்விட வேண்டும். கழுகுக்கு எண்ணத் தெரியாது. ஆள் போய்விட்டான் என்று நம்பி இறங்கும். வெளிச்சம் போனதும் அதே ஆள் திரும்ப வந்து, உள்ளே இருப்பவரை அழைத்துக்கொண்டு போவார்.

டாக்டருக்கு அந்த ஆள் மனைவியின் தம்பி. வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவன், கம்பெனி கொடுத்த நீலச் சட்டையைத் தவிர வேறு போட்டு யாரும் பார்த்ததில்லை. அக்கா வீட்டோடு இருந்தான். வாய் ஓயாது. கூடாரத்துக்குள் இருக்கும் அந்தச் சில நிமிடங்கூட அவனால் சும்மா இருக்க முடியாது. "அத்தான், ஒரே ஒரு தடவை நான் எடுக்கறேனே" என்று கேமராவை நோக்கிக் கை நீட்டுவான். "தொடாத! உன் கிரீஸ் கையோட இதைத் தொட்டே, தொலைச்சுடுவேன்" என்பார் இவர். அவன் சிரிப்பான். சிரிக்கும்போது கடைவாய்ப் பல்லுக்கு மேல் மாட்டிய உலோகத் தொப்பி பளிச்சென்று தெரியும். டாக்டரே போட்ட தொப்பி. கடிக்கும்போது இடித்தது என்று அவர் ராவப்போய், ராவியது கூடுதலாகி, உச்சியில் ஓட்டையே விழுந்துவிட்டது. வேறு நோயாளியாக இருந்தால் புதிதாகச் செய்து கொடுத்திருப்பார். மைத்துனன்தானே என்று வெள்ளிப் பூச்சை வைத்து அடைத்து அனுப்பிவிட்டார்.

இரை வைப்பதும் அவன் வேலைதான். கோழிக்கடையில் குடலும் தலையும் காலுமாக ஒரு பக்கெட் வாங்கி வந்து, கூடாரத்துக்கு எதிரே உள்ள பாறையில் கொட்டுவான். வெயிலில் அது பொங்கி, ஈ மொய்த்து, நீலமும் பச்சையுமாக வழியும். ஊரின் சொத்தைப் பல்லையும் சீழ் பிடித்த ஈறையும் முகர்ந்து முகர்ந்து மரத்துப்போன மூக்கு டாக்டருடையது. அதுவே அந்தப் பக்கெட்டின் பக்கம் போக மறுத்தது. "உங்களுக்கு எதுக்கு அத்தான் இந்த அசிங்கம், நான் பாத்துக்கறேன்" என்பான்.

ஒரு நாள் டாக்டருக்குக் கிளினிக்கில் கூட்டம். மைத்துனன் மட்டும் இரை வைக்கப் போனான். இருட்டிய பிறகுதான் வந்தான், கழுத்துவரை சேறு. பக்கெட் இல்லை. "வழுக்கிட்டேன்" என்றான். அவ்வளவுதான். நேராகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதிலிருந்துதான் அவன் வாய் மூடியது. பேசினால் உதடு பிரியாமல் பேசினான். சாப்பாட்டுக்கு உட்காருவதில்லை. குளிருகிறது என்று மஃப்ளரைக் கன்னம்வரை சுற்றிக்கொண்டான். அவன் அறை ஜன்னலில் உள்பக்கமாக ஈக்கள் கறுப்பாக அப்பிக் கிடந்தன.

"என்னங்க, அவன் தலையணை உறையை வெந்நீர்ல ஊற வெச்சும் துவைச்சுட்டேன், நாத்தம் போக மாட்டேங்குது" என்றாள் மனைவி.

"ஈறு பழுத்திருக்கும்."

"அப்ப பாக்கறதுதானே? ஊர்ல இருக்கிறவன் வாயெல்லாம் திறந்து பாக்கறீங்க, என் தம்பி வாயைப் பாக்க மட்டும் உங்களுக்கு நேரமில்ல. அவன் என்னமோ போல இருக்கான். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தாங்க."

"கண்காட்சிக்குப் படம் அனுப்பிடறேன். அனுப்பினதும் முதல் வேலை அதுதான்."

அவள் உறையை மறுபடி வாளியில் முக்கினாள். டாக்டர் அவளிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. தம்பி சேற்றோடு வந்த அந்த நாளுக்குப் பிறகுதான் கழுகுகள் நெருங்கி வர ஆரம்பித்திருந்தன. லென்ஸுக்குள் அடங்காத அளவுக்கு நெருங்கின. எத்தனையோ வருஷம் தவம் கிடந்தும் கிடைக்காத படங்கள் தினம் தினம் கிடைத்தன. இரண்டுக்கும் ஏதோ முடிச்சு இருக்கிறது என்று அவருக்கு உள்ளுக்குள் தெரியும். கேட்டால் படம் நின்றுபோகுமோ என்று பயந்தார், அதனால் கேட்கவில்லை.

இன்றைக்குக் காரில் வரும்போதுகூட அப்படித்தான். நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டும் வாடை அடங்கவில்லை. தேங்கிய சாக்கடையும் இனிப்பும் கலந்த ஒரு வாடை, தொண்டையில் பசை மாதிரி ஒட்டியது.

"பக்கெட் எங்க மாப்ள?"

"வேண்டாம் அத்தான். அதுங்க வரும்."

உதடு அசையவில்லை. ஒரு ஈ அவன் கன்னத்தில் ஊர்ந்து, இமையோரம் ஏறி, திறந்திருந்த கண்ணின் வெள்ளையிலேயே நடந்து போனது. அவன் கண் சிமிட்டவில்லை. டாக்டர் சட்டென்று சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் ஒரு நாள், இன்றைக்கு ஒரு நாள் வெளிச்சம் நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டார். சீ, மனுஷனா அவர்?

இப்போது மைத்துனன் கரைக்குப் போகவில்லை. கார் நிற்கும் திசையை விட்டு, பாறைக்குப் பின்னால் உயர்ந்திருந்த நாணலுக்குள் நுழைந்தான். கழுகு பின்னாலேயே தத்திக்கொண்டு போனது. வானத்திலிருந்து அதன் ஜோடியும் இறங்கி நாணலுக்குள் மறைந்தது. நாணல் கொஞ்ச நேரம் ஆடியது, பிறகு நின்றது.

வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. கூடாரத் துணியின் சூடும், சேற்றின் ஆவியும், அவர் வேர்வையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. தண்ணீர் எங்கோ களக் களக்கென்று கரையை நக்கியது. அதற்கு நடுவே நாணலுக்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது. ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி, நிதானமாக, இழுத்து இழுத்து. நடுநடுவே ஒரு முணுமுணுப்பு. ஊசி போடும்போது குழந்தையிடம் சொல்வோமே, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று, அந்தத் தொனி. டாக்டர் இரண்டு முகக்கவசத்தை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தார். எழுந்து போய்ப் பார்க்கலாம். போனால் கழுகு பறந்துவிடும்.

நாணல் விலகி, கழுகு ஒன்று வெளியே வந்து பாறையில் ஏறியது. தொண்டைப் பை புடைத்துத் தொங்கியது. மார்பு இறகில் ஏதோ கறுப்பாக வழிந்து காய்ந்திருந்தது. அது அலகைத் திறந்தது. கழுத்து சுருங்கி விரிந்தது, மறுபடி சுருங்கி விரிந்தது. உவ்வே என்று ஒரு உருண்டையைக் கக்கியது. செரிக்காத முடியையும் எலும்பையும் கழுகு இப்படி உருட்டித் துப்பும், அது புதிதில்லை. டாக்டரே அப்படிப் பல உருண்டைகளைப் பொறுக்கிப் பிரித்துப் பார்த்திருக்கிறார், எலி மண்டையும் மீன் முள்ளும் கிடைக்கும். இது பாறைச் சரிவில் உருண்டு, கூடார வாசலுக்கு வந்து நின்றது. சளி பூசி மினுமினுத்தது. அதற்குள் வேறொரு மினுமினுப்பும் இருந்தது.

கழுகு பாறையை விட்டு நாணலுக்குத் திரும்பும்வரை காத்திருந்தார். துணிக்கு அடியில் கையை விட்டு அதை எடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. பைக்குள் கிளினிக் இடுக்கி எப்போதும் இருக்கும். அதைக்கொண்டு பிரித்தார். முடி. எலி முடி இல்லை, நீளம். அப்புறம் நூல். நீல நூல். அப்புறம் அந்தத் தொப்பி.

உச்சியில் ஓட்டை. ஓட்டையில் வெள்ளிப் பூச்சு. தன் கைவேலையை யாருக்குத்தான் தெரியாது!

கழன்று விழுந்திருக்கும், என்றது மனசு. வழுக்கினானே, அன்றைக்கு விழுந்திருக்கும். திருப்பினார். தொப்பிக்குள் பல் இருந்தது. பல்லுக்குக் கீழே வேர் இருந்தது. வேரை விடாமல் பிடித்துக்கொண்டு தாடை எலும்பு ஒரு துண்டு.

கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தார். அதை இழுத்துப் போடக் கை வரவில்லை.

நாணல் மறுபடி விலகியது. மைத்துனன் வந்தான். தோளில் ஒரு கழுகு. இன்னொன்று பின்னால் தத்தி வந்தது. அவன் நேராகப் பாறைக்கு வந்து, குடல் கொட்டுகிற இடத்தில் உட்கார்ந்தான். லென்ஸுக்கு நேர் எதிரே. மாலை வெளிச்சம் பொன்னாக அவன் மேல் விழுந்தது. அப்படியொரு வெளிச்சத்துக்குத்தான் டாக்டர் இத்தனை நாளும் காத்துக் கிடந்தார்.

அவன் மஃப்ளரை அவிழ்த்தான். சுற்றுச் சுற்றாக, மெதுவாக. அது தோலிலிருந்து பிய்ந்து பிய்ந்து வந்தது. ஒரு பக்கம் கன்னமே இல்லை.

"அத்தான். வாயைப் பாக்கணும்னீங்களாம். அக்கா சொன்னா."

தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தான், நாற்காலியில் நோயாளி திறக்கிற மாதிரி. டாக்டர் லென்ஸ் வழியாகப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கீழ்த்தாடை பாதி. ஈறு கறுப்பு. புழு. நாக்கு இருந்த இடத்தில் பள்ளம்.

"நல்லா வருதா அத்தான்?"

நாக்கில்லாத வாயிலிருந்து அதே குரல். அதே அன்பு. தோளிலிருந்த கழுகு குனிந்தது. தலையை அந்த வாய்க்குள் விட்டது. இழுத்தது.

விரல் ஷட்டரை அழுத்திக்கொண்டே இருந்ததை அப்போதுதான் டாக்டர் கவனித்தார்.

"ஐயோ! ஏய்! போ! போ அந்தப் பக்கம்!"

கூடாரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடினார். கையை ஆட்டினார். கத்தினார். சேற்றை வாரி வீசினார். "விடு அவனை! மாப்ள, எழுந்திரு! வீட்டுக்குப் போயிடலாம், அக்கா காத்துட்டு இருக்கா!"

ஏரியின் நீர்ப்பறவையெல்லாம் மொத்தமாகக் கிளம்பி அலறிக்கொண்டு பறந்தது.

கழுகுகள் பறக்கவில்லை.

இரண்டும் கழுத்தைச் சாய்த்து அவரைப் பார்த்தன. பாறையிலிருந்து இறங்கின. தத்தி வந்தன. டாக்டர் பின்னால் நகர்ந்தார். சேறு முழங்காலைப் பிடித்தது. மல்லாக்க விழுந்தார்.

"பயப்படாதீங்க அத்தான். அதுங்க உங்ககிட்டயும் பழகிடுச்சு."

மைத்துனன் எழுந்தான். அவரைத் தாண்டி நடந்தான். கூடாரத்துக்குள் போனான். முக்காலி கிரீச்சிட்டது.

"அக்காகிட்ட ஒருத்தர் திரும்பிப் போனா போதும்" என்றது குரல் உள்ளேயிருந்து. "ரெண்டு பேர் உள்ள போறது, ஒருத்தர் வெளிய போறது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

மார்பில் கனம் ஏறியது. குளிர்ந்த நகங்கள் சட்டையைத் துளைத்தன. மஞ்சள் அலகு முகத்துக்கு மேல் வந்தது. அதன் மூச்சில் அந்த வாடை. அலகு நிதானமாக, இடுக்கி மாதிரி, அவர் கீழ் உதட்டைப் பிடித்தது.

ஓட்டை வழியாக லென்ஸ் அவர் பக்கம் திரும்பியது.

"அசையாதீங்க அத்தான். வெளிச்சம் அருமையா இருக்கு."

க்ளிக்.