மறுப்பு அறை

வேலாயுதம் நாக்குக்கு அடியில் ஒரு சொட்டு மெய்யூட்டியை விட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். எதிரே உட்கார்ந்திருந்த சமூகவியலாளர் மரகதம், வழக்கம்போல, அவர் சொல்வதையெல்லாம் மறுக்கத் தயாரானார்.

“நான் வெட்டின சுரங்கந்தான் நேரா போகுது. ரோபோ வெட்டினதுதான் கோணல்,” என்றார் வேலாயுதம்.

“கோணல் உங்க பார்வையில இருக்குண்ணே.”

வேலாயுதம் முறைத்தார். முறைத்ததில் மூச்சு சீரானது.

யுரோப்பா நிலவின் பனிச்சுரங்கக் குடியிருப்பில் மெய்யூட்டி என்ற இந்தப் போதைச்சொட்டு பரவியதில் வியப்பில்லை. வேலை நேரம் முழுக்கத் தங்கள் பிழைகளை இயந்திரங்கள் சுட்டிக்காட்டக் கேட்டவர்களுக்கு, ஒரு மணி நேரமாவது தாங்கள் சொல்வதே சரி என்று தோன்ற வேண்டியிருந்தது. பிறர் ஆமோதிக்கும்போதெல்லாம் மூளையில் இயல்பாகவே கொஞ்சம் சுரக்கும் பொருள்தான்; சொட்டு அதைப் பெருக்கியது. அளவு மீறினால், தான் கிடக்கும் நிலையே சரி என்று உடல் முடிவுகட்டி மூச்சை நிறுத்திவிடும்.

மூன்று ஆண்டுகள் வீடுவீடாகப் போய் விசாரித்த மரகதத்துக்கு ஒன்று புரிந்தது. தனியாக எடுத்துக்கொண்டவர்கள் செத்தார்கள். தலையாட்டும் நண்பர்களோடு எடுத்துக்கொண்டவர்களும் செத்தார்கள். எதிர்த்துப் பேசும் மனைவியோ மைத்துனரோ பக்கத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அப்படிப் பிறந்தது, சொட்டு எடுப்பவரை எதிர்த்துப் பேச ஆள் வைத்த இந்த மறுப்பு அறை. பதினொரு மாதங்களாக ஊரில் ஒரு சாவும் இல்லை.

அன்று அதை மூடுவதற்கான உத்தரவோடு குடியிருப்பின் ஆணையர் தேவசகாயம் வந்தார், உதவியாளர்கள் ஐவருடன். உள்ளே வரும் எல்லோருக்கும் போல அவர் மணிக்கட்டிலும், உடலில் அந்தப் பொருள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் அளவுமானியை மாட்டினார்கள். சொட்டை அவர் தொடக்கூட இல்லை. பேசினார், அவ்வளவுதான். போதை ஏற்றிக்கொள்ள நாற்காலி போட்டுக்கொடுப்பது மருத்துவமா என்று கேட்டார். சாவு நின்றதற்குக் காரணம் தமது சுற்றறிக்கையே என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐந்து தலைகள் ஆடின. அளவுமானி மஞ்சளாயிற்று, பிறகு சிவந்தது.

“நான் சொல்றது சரிதானேம்மா?” மரகதத்திடம் கேட்ட ஆணையரின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

ஆமாம் என்று மட்டும் சொன்னால் அறைக்கு ஆறு மாத அவகாசம் வாங்கித்தருவதாக ஓர் உதவியாளர் மரகதத்தின் காதில் கிசுகிசுத்தார். மரகதம் சிவந்த அளவுமானியைப் பார்த்தார். ஆமாம் என்றால் அறை பிழைக்கும், ஆள் பிழைக்கமாட்டார்.

“இல்லீங்க ஐயா. முழுக்கத் தப்பு. உங்க சுற்றறிக்கைய இங்க ஒருத்தரும் படிக்கல.”

ஆணையர் நீளமாக மூச்சை இழுத்தார். நிறம் திரும்பியது. கையிலிருந்த உத்தரவை, வேறு யாரோ எழுதியதைப்போல, முதல் வரியிலிருந்து படித்துப்பார்த்தார்.

“மூடலாமா, வேண்டாமா?” என்று மெல்லக் கேட்டார்.

“நீங்க சொல்றதுதான் சரிங்க ஐயா,” என்றார்கள் ஐவரும்.

அவர் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அளவுமானி மறுபடி சிவந்தது.

வேலாயுதம் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். “உக்காருங்க சார். எதையாவது சொல்லுங்க, நான் இல்லைங்கறேன்.”

உள்ளே நோயாளி இருக்கும்வரை அறையை மூட விதியில் இடமில்லை. தலையாட்டும் ஐவரோ ஆணையரை விட்டு நகர்வதாக இல்லை; அவர்கள் நகரும்வரை அவரும் நோயாளிதான்.