பெட்டி எண் 17-க்கு வந்த மரணச் செய்தி

தான் செத்துப் போன செய்தியை ராஜமேரி காலை பத்தேகால் மணிக்குப் படித்தாள்.

அவள் உயிரோடுதான் இருந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கை நிறைய சோப்பு நுரையோடு.

இரண்டு நிமிடம் முன்புதான் மிக்கேலம்மாள் தன் புருஷனின் சட்டையை அவள் முன்னால் வீசிவிட்டுப் போனாள். மிக்கேலம்மாள், ராஜமேரியின் கணவனுக்கு அண்ணனான அல்போன்சின் மனைவி. நான்கு மாதமாக ராஜமேரிக்குக் காவல்.

"பாக்கெட்டப் பாத்துட்டுத் தொவை. போன வாரம் பீடிக்கட்ட நீ ஊற வெச்சதுக்கு எனக்குத்தான் அடி வுழுந்துச்சு."

பாக்கெட்டில் பீடி இல்லை.

வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிய ஒரு கவர்... யாரும் இன்னும் பிரிக்காத கவர்.

கையெழுத்து ஸ்தனிஸ்லாசுடையது!

குவைத்துக்குப் போன கணவன். நான்கு மாதமாக ஒரு வரி எழுதாதவன். "அவன் அங்க வேற ஒருத்தியோட இருக்கறான். உன்னய மறந்துரு" என்று அல்போன்ஸ் சொல்லச் சொல்ல, அழுது அழுது ஒருநாள் அவள் நம்பியே விட்டிருந்தாள்.

கவரைக் கிழித்தாள்.

'அன்புள்ள அண்ணனுக்கு, மேரி போய் நாற்பது நாள் ஆகப் போகிறது. மஞ்சள் காமாலை மூன்றே நாளில் ஆளைக் கொண்டு போகும் என்று என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. இப்போதுதான் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். மார்ச் 31, செவ்வாய்க்கிழமை மதியம் மொரப்பூரில் இறங்கி, மூன்று மணிக்குள் அரூர் வந்துவிடுவேன். புது வீடு எங்கே என்று நீங்கள் எழுதவே இல்லை. அதனால் போஸ்ட் ஆபீசில் நம் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அண்ணா, கிறிஸ்மஸுக்கு அனுப்பிய மெரூன் கலர் புடவையை அவள் ஒரு தடவையாவது கட்டிப் பார்த்தாளா?'

ராஜமேரி கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 31, செவ்வாய்க்கிழமை.

இன்று!

*

எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது.

மாமனார் சவரிராயனுக்கு ஊரில் சொந்த வீடு இல்லை. மூன்று வருடத்துக்கு ஒரு வாடகை வீடு. பிள்ளைகளோ ஆளுக்கொரு திசை. அதனால் அரூர் போஸ்ட் ஆபீசில் வாடகைக்கு ஒரு பெட்டி பிடித்தார். 'சவரிராயன் குடும்பம், தபால் பெட்டி எண் 17, அரூர்.' பெரிய மகனுக்கும், சின்ன மகனுக்கும், மருமகள்களுக்கும் அதே விலாசம்தான்.

"வூடு மாறும், வாசப்படி மாறும். நம்ம விலாசம் மட்டும் மாறாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

டிசம்பரில் அவர் கண்ணை மூடினார். பெட்டியின் ஒரே சாவி அல்போன்சின் அரைஞாணில் ஏறியது. அடுத்த வாரமே ஊருக்கு வெளியே, மூடிக் கிடந்த பழைய புளி மண்டிக்குப் பின்னால் இந்த வீட்டுக்குக் குடி வந்தார்கள்.

வீடு மாறியது. விலாசம் மாறவில்லை.

அதனாலேயே அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளியிலிருந்து வந்த கடிதத்தை அல்போன்ஸ் படித்தான். உள்ளே எழுதிய கடிதத்தை அல்போன்ஸ் கிழித்தான். ஆளுயரச் சுவர், இரும்பு கேட், கேட்டில் பூட்டு. கூப்பிட்ட குரலுக்கு மண்டிக் கூரையிலிருந்த புறாக்கள்தான் பறந்தன.

அவனுக்கு வேண்டியது மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற நான்கு ஏக்கர். ஸ்தனிஸ்லாஸ் அதை மனைவி பேரில் வாங்கியிருந்தான். அவள் கையெழுத்துப் போட மறுத்த ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு நாள் ஆயுள் கூடியது.

இப்போது புரிந்தது. கணவனைப் பொறுத்தவரை அவள் ஏற்கனவே செத்துவிட்டாள். கையெழுத்துப் போட்டால், அதை உண்மையாக்குவது மட்டும்தான் பாக்கி.

கேட்டுக்கு வெளியே மொபெட் சத்தம் கேட்டது.

கடிதம் ரவிக்கைக்குள் போனது.

*

"மேரி, இங்க வா."

"என்னங்க மாமா?"

அல்போன்ஸ் மேசை மேல் இரண்டு காகிதங்களை வைத்தான். ஒன்று முத்திரைத் தாள். இன்னொன்று போஸ்ட் ஆபீஸ் பாரம்.

"ரெண்டு கையெழுத்து. போட்டுட்டா உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

முத்திரைத் தாளை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். நில விற்பனை ஒப்பந்தம். தேதி... ஜனவரி 10.

புத்திசாலிதான். பிப்ரவரியில் செத்தவள் ஜனவரியில்தானே கையெழுத்துப் போட முடியும்?

"இந்தப் பாரம் எதுக்குங்க?"

"நம்ம பொட்டி உன் பேர்ல இருக்குதாமே. எங்கப்பன் எனக்குத் தெரியாம மாத்திட்டுப் போயிருக்கறான்."

"பெரியவருக்குக் கை நடுங்குச்சு. நான் காலேஜுல ஒரு வருஷம் படிச்சவன்னு என்னைய எழுதச் சொன்னாருங்க."

"படிச்சு என்னத்தக் கிழிச்ச? இன்னிக்குத்தான் கெடு. புதுப்பிக்காட்டி, வர்ற கடுதாசிய எல்லாம் போஸ்ட்மேன் கையில குடுத்து வூடு தேடி அனுப்பிருவாங்களாம். எனக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு? போடு."

ராஜமேரி பாரத்தைப் பார்த்தாள்.

பெயர். குடியிருக்கும் வீட்டு விலாசம். கையெழுத்து. தேதி.

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

உடனே ஒத்துக்கொண்டால் சந்தேகப்படுவான்...

"நெலத்த வேணும்னா யோசிக்கறேங்க. இதுல மட்டும் போட மாட்டேன்."

"ஏன்?"

"அந்தப் பொட்டிக்கு வர்றதெல்லாம் உங்க சாவிக்குத்தாங்க சேருது. அவரு என்னிக்காவது மனசு மாறி ஒரு வரி எழுதுவாரு. கெடு முடிஞ்சா அது எங்கையிலயே வந்து சேரட்டும்."

அல்போன்ஸ் சிரித்தான்.

"பாத்தியா மிக்கேலு, இவளுக்கு இன்னும் ஆசை வுடல. மொதல்ல இதுல போடுடி. அப்பறந்தான் நெலம்."

"மாட்டேன்."

பளாரென்று ஓர் அறை. காதுக்குள் கோயில் மணி அடித்தது.

மிக்கேலம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "போட்டுத் தொலையேன்டி. ஒரு கையெழுத்துக்கு எத்தன அடி வாங்குவ?"

ராஜமேரி அழுதாள். நிஜமாகவே அழுகை வந்தது. அழுதுகொண்டே பேனாவை எடுத்தாள்.

"வூட்டு விலாசம் கேட்டிருக்காங்க. என்னன்னு எழுதறதுங்க?"

"காலையில அதக் காலியா வுட்டுத்தான் கொண்டுபோயி நீட்டினேன். அந்தப் போஸ்ட் மாஸ்டர் ராஜாமணி மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பிக் குடுத்துட்டான். உங்கையெழுத்தும் வேணும்னுட்டான். இருக்கறதையே எழுது. மொரப்பூர் ரோடு, பழைய புளி மண்டிக்குப் பொறத்தால. அலமாரியில தூசி தின்னப்போற காயிதம், எவன் எடுத்துப் படிக்கறான்?"

எழுதினாள். கையெழுத்திட்டாள். கீழே, தெளிவாக, தேதி. 31-3-87.

அல்போன்ஸ் கடிகாரத்தைப் பார்த்தான். "கவுண்டர் மூடறதுக்குள்ள குடுத்துட்டு வந்தர்றேன். சாயந்தரம் நாலு மணிக்கு நெலம். சரக்குன்னு போட்டிரணும்."

கேட் பூட்டு விழுந்தது.

*

பன்னிரண்டு மணி. ஒரு மணி.

மூன்று மணி வரை அல்போன்ஸ் அரூரிலேயே சுற்றினால்? தம்பியைப் பார்த்துவிட்டால்? யாருடைய கல்லறையையாவது காட்டி, ஒரு மாலையையும் வாங்கிப் போட வைத்து, அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவான்.

இரண்டேகாலுக்கு மொபெட் சத்தம் கேட்டது. ராஜமேரிக்கு அந்த ஓசை இவ்வளவு இனிமையாக இதுவரை இருந்ததில்லை.

ஆனால் அவன் கையில் ஒரு பாட்டில் இருந்தது. ஆரஞ்சு நிறக் கலர் சோடா. மூடி ஏற்கனவே திறந்து, மறுபடி அழுத்தி வைக்கப்பட்டிருந்தது.

"வெயில்ல உனக்காக வாங்கியாந்தேன் மேரி. கையெழுத்தப் போட்டுட்டுக் குடி. குளுகுளுன்னு இருக்கும்."

"நீங்க குடிக்கலீங்களா மாமா?"

"எனக்குச் சளி."

நான்கு மணி. முத்திரைத் தாள் விரிந்தது. பேனா நீண்டது.

ராஜமேரி பேனாவை வாங்கவில்லை. கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றினாள்.

"ஒரு மாலை சொல்லி முடிச்சுட்டுப் போட்டர்றேங்க."

"இப்ப என்னடி செபம்?"

"புருசன் வாங்கிக் குடுத்த நெலம். குடுக்கறதுக்கு முன்னால மாதாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் குடுக்கறேன். நடுவுல நிறுத்துனா நிறுத்துனவங்களுக்குத்தான் ஆகாதும்பாரு பெரியவரு."

நீட்டிய பேனாவை அல்போன்ஸ் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

கொலை செய்யத் துணிந்தவனுக்குச் செபமாலையில் குறுக்கிடத் துணிச்சல் இல்லை.

"சீக்கிரம் சொல்லு."

ஐம்பத்து மூன்று மணி. இத்தனை நிதானமாக இந்த மாவட்டத்தில் யாரும் செபமாலை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பத்தாவது மணி. இருபதாவது மணி. கேட்டுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை.

முப்பதாவது மணியில் அல்போன்ஸ் பொறுமை இழந்தான். "மிக்கேலு, அந்தக் கலர டம்ளர்ல ஊத்து. முடிச்சதும் குடிக்கட்டும்."

மிக்கேலம்மாள் பாட்டிலை எடுத்தாள். இரண்டடி நடந்தாள்.

சிலீர்!

தரையெல்லாம் ஆரஞ்சு. நடுவில் கண்ணாடிச் சில்லு.

"கை வழுக்கிருச்சுங்க..."

"சனியனே!" அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். "கலர் இல்லாட்டிக் கெணறு இருக்குது. ஏய் மேரி, செபம் போதும். போடு!"

நாற்பத்தேழாவது மணி. பேனாவை அவள் விரலுக்குள் திணித்து, கையைப் பிடித்து, தாள் மேல் அழுத்தினான். 'ரா' என்ற ஓர் எழுத்து கோணலாக விழுந்தது...

கேட்டில் யாரோ லத்தியால் தட்டினார்கள்.

"தொறங்க. தபால் ஆபீசுல இருந்து விலாசம் வாங்கிட்டு வர்றோம்."

*

அல்போன்ஸ் திறக்கவில்லை. சுவரேறிக் குதித்து வந்தது ஒரு கான்ஸ்டபிள். பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது சப்-இன்ஸ்பெக்டர் நஞ்சப்பன்.

அவருக்குப் பின்னால், கையில் பெட்டியோடு, தாடி வளர்ந்த முகத்தோடு ஸ்தனிஸ்லாஸ்.

அவன் வாசலிலேயே நின்றான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"மேரி..."

ராஜமேரிக்குச் சொல்ல நான்கு மாதப் பேச்சு இருந்தது. வாயில் வந்தது வேறு.

"அந்த மெரூன் புடவை எங்கிட்ட வந்து சேரவே இல்லீங்க."

அவன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான்.

"எப்பிடிடா..." அல்போன்ஸ் திணறினான். "எப்பிடி வந்த?"

"பொட்டிகிட்ட நின்னேன்ண்ணா. ஒருத்தரும் வரல. போஸ்ட் மாஸ்டர்கிட்டப் போயி, வூடு எங்கன்னு தெரியுங்களான்னு கேட்டேன். 'பொட்டி ராஜமேரிங்கறவங்க பேர்ல இருக்குது, மத்தியானந்தான் புதுப்பிச்சாங்க'ன்னாரு. அவ செத்து நாப்பது நாளாச்சுங்களேன்னேன். பாரத்த எடுத்து முன்னால வெச்சு, 'செத்தவங்க இன்னிக்குத் தேதி போட்டு எப்பிடித் தம்பி கையெழுத்துப் போடுவாங்க?'ன்னாரு. அவ கையெழுத்து எனக்குத் தெரியாதாண்ணா? அதுல இருந்த விலாசத்தோட நேரா போலீசுக்குப் போனேன்."

அல்போன்ஸ் ராஜமேரியைத் திரும்பிப் பார்த்தான். அவள் ரவிக்கைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இது... இது எப்ப வந்துச்சு? நான் பாக்கவே இல்லியே."

"நேத்து உங்க பையில வந்துச்சு."

பேசியது மிக்கேலம்மாள். நெற்றியில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"குடிச்சுட்டுப் பையப் போட்டுட்டுப் படுத்தீங்க. நான்தான் எடுத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா கொழுந்தன் ஒட்டற ஸ்டாம்பு கண்ணுக்குத் தெரியும். படிக்கத் தெரிஞ்சவ கையில சேரட்டும்னு சட்டைப் பாக்கெட்டுல வெச்சு அவகிட்ட வீசுனேன்."

ராஜமேரி அவள் பக்கம் திரும்பினாள். "அக்கா... நீங்களா?"

"பின்ன? கேட்டப் பூட்டுனா நீ மட்டுமாடி உள்ள இருந்த? நானுந்தான்." முந்தானை மறுபடி நெற்றிக்குப் போனது. "பாக்கெட்டப் பாத்துட்டுத் தொவைன்னு சும்மாவா சொன்னேன்?"

விலங்கு மாட்டப்பட்டது. அல்போன்சின் அரைஞாணிலிருந்து பெட்டிச் சாவியை நஞ்சப்பன் கழற்றி, ராஜமேரியின் உள்ளங்கையில் வைத்தார்.

கேட்டைத் தாண்டும்போது அல்போன்ஸ் நின்றான்.

"சார்... எனக்கு யாராவது கடுதாசி போட்டா, எங்க வந்து சேரும்?"

நஞ்சப்பன் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தார்.

"சேலம் சென்ட்ரல் ஜெயில். கவலையே படாதய்யா... இனிமே ரொம்ப வருஷத்துக்கு உன் விலாசமும் மாறாது!"