ரப்பர் வெட்டும் விரலும் டோக்கன் மெஷினும்

டோக்கன் மெஷின் வந்தால் ஆஸ்பத்திரியில் வரிசையே இருக்காது என்றார்கள். மெஷினும் வந்தது. வரிசை வாசலைத் தாண்டி ஆட்டோ ஸ்டாண்டுவரை நீண்டது. நல்ல கூத்துதான் போங்கள்!

அந்த வரிசையில் ஆறாம் வகுப்பு ஷெமியும் அவள் அம்மா ஜெபகுமாரியும் நின்றார்கள். வெள்ளறடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மாவுக்கு மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டும் வேலை. வேலைக்குப் போகிற வழியில் தெருநாய் காலைக் கடித்துவிட்டது. முதல் ஊசி போட்டாயிற்று, இன்று இரண்டாவது. ஒன்றைக்கூட விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முறை வந்ததும் அம்மா மெஷின் திரையில் விரலை வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினாள். குத்தினாள். மெஷின் கல்லுளிமங்கன் மாதிரி நின்றது.

"அம்மோ, மெஷினை உடைச்சிராதீங்க!" என்றார் காவலாளி பரமசிவன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "படிக்காத கை மக்கா. மெஷினுக்கே தெரியுது. வா, வீட்டுக்குப் போவோம்."

"அய்யோ, அப்ப ஊசி? இரும்மா, நான் அமுக்குதேன்."

"இன்னைக்கு நீ அமுக்குவ. அடுத்த ஊசிக்கு ஒனக்குப் பள்ளிக்கூடம் உண்டே. நான் ஒத்தைக்கு வந்து, திரும்பவும் எல்லாரும் சிரிக்கணுமா? எனக்கு ஊசியே வேண்டாம்."

ஷெமிக்கு அழுகை முட்டியது. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"கொஞ்சம் நில்லும்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். மற்றவர்கள் எப்படித் தொடுகிறார்கள் என்று கண்கொட்டாமல் பார்த்தாள்.

மீன் விற்கும் அக்கா தொட்டாள், டோக்கன் வந்தது. "எனக்கு எழுத்தே தெரியாதே" என்று புலம்பிக்கொண்டு வந்த தாத்தா தொட்டார். அவருக்கும் வந்தது! அடுத்து, அம்மாவோடு பால் வெட்டும் சிஜு மாமா. அவர் பத்தாம் வகுப்பு பாஸ். குத்து குத்தென்று குத்தியும் வரவில்லை.

அட, அப்படியானால் படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது!

ஷெமி அம்மாவின் விரல் நுனியைத் தடவினாள். ரப்பர் பால் காய்ந்து இன்னொரு தோலாக ஒட்டியிருந்தது. சோப்புக்கெல்லாம் அசையாத பால் அது. விரலைத் திருப்பிப் பார்த்தாள். மடக்குகிற விரல் முட்டியில் பால் இல்லை.

"விரலை மடக்கும்மா. கதவைத் தட்டுற மாதிரி முட்டியால தொடு."

டிங்! டோக்கன் வந்து விழுந்தது. சிஜு மாமாவும் தட்டினார். இன்னொரு டிங்!

மெஷினைக் கவனித்துக்கொள்ளும் லிஷா ஓடி வந்தாள். "எப்படி மோளே?"

"விரல்ல ரப்பர் பாலாக்கும் அக்கா. அதான் விரல் தொடுறது மெஷினுக்குத் தெரியல்ல."

லிஷா தலையில் கை வைத்தாள். "இவங்களுக்கு அமுக்கத் தெரியல்லன்னுல்லா நான் நெனச்சேன்! பண்டும் இதே கதைதான். சண்டை விமானம் ஓட்டினவங்க தரையிறங்கும்போது தப்பான பிடியை இழுத்தாங்களாம். எல்லாரும் அவங்களைத்தான் திட்டினாங்க. ஒருத்தர் போய்ப் பாத்தா, ரெண்டு பிடியும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே போல! அப்புறந்தான் ஆளுக்கு ஏத்த மாதிரி மெஷின் செய்ய ஒரு படிப்பே வந்துது. அதைப் படிச்ச நானே மறந்துட்டேன் பாரு."

அங்கேயே ஷெமி ஒரு தாளில் மடக்கிய விரலை வரைந்தாள். லிஷா அதை மெஷினில் ஒட்டினாள். "சீக்கிரம் பெரிய பட்டன் ஒண்ணு வைக்கச் சொல்லுதேன். எந்தக் கைக்கும் கேக்கும்" என்றாள்.

பிறகு லிஷா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி சேச்சி. நீங்க வரல்லன்னா இந்தக் குறை எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அம்மா திகைத்துப் போனாள். திட்டு வாங்கவே தயாராக இருந்தவளுக்கு நன்றி கிடைத்தால் எப்படி இருக்கும்! "எல்லாம் எனக்க மகளாக்கும்" என்று ஷெமியின் உச்சியில் முத்தமிட்டாள். "நீ நிறுத்தல்லன்னா நான் போயிருப்பேன் மக்கா."

அடுத்த ஊசி நாளில் ஷெமிக்குப் பாடமே ஓடவில்லை. மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, ஊசி?"

"போட்டாச்சு. ஒத்தைக்குத்தான் போனேன்" என்றாள் அம்மா. "எனக்குப் பின்னால நின்ன பொண்ணுக்கு எப்படித் தட்டணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேனாக்கும்!"