முகமூடிக்கு முழு மதிப்பெண்

"வீ...ல்!"

அலறல் மேடைக்குப் பின்னாலிருந்து வந்தது!

போலோன்யா நகரத்து இசைக் கல்லூரி அரங்கம் உறைந்தது. ஒரு நொடி முன்புதான் இறுதியாண்டு ஓபெராத் தேர்வின் முடிவை முழங்கியிருந்தாள், தேர்வுக் குழுத் தலைவி ஒத்தாவியா; மாணவர்களுக்கு 'மாயெஸ்த்ரா', இசையாசிரியை.

"ஜினெவ்ரா! முப்பதுக்கு முப்பது! இந்தக் குரல் என்னோட அஞ்சு வருஷ உழைப்பு!"

முகமூடி அணிந்த அரசி வேடத்தில், அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள் ஜினெவ்ரா.

அப்படியானால்... உடையறை அலமாரிக்குள்ளிருந்து சரிந்து விழுந்தவள் யார்?

ஜினெவ்ரா!

"யாரோ என்னை உள்ளே தள்ளி அடைச்சிட்டாங்க!"

மேடையில் நின்றவள் முகமூடியைக் கழற்றினாள்.

நீவெஸ்!

ஒத்தாவியா இருமுறை பெயிலாக்கிய மாணவி. இந்த ஆண்டு தேர்வு மேடையே மறுக்கப்பட்டவள்.

"தகரக் குரல்னு சொன்னீங்களே, மாயெஸ்த்ரா... தகரத்துக்கா கண்ணு கலங்கினீங்க?"

ஒத்தாவியாவின் காது மடல்கள் எரிந்தன. ஆம், கலங்கினாள்! தன் பயிற்சி பலித்ததென்று பூரித்தாள்! பெயரைக் கேட்டதும் மதிப்பெண் போடத் தெரிந்தவள். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லத் தெரியாதவள்!

யாரோ போன் செய்ய, கான்ஸ்டபிளோடு இன்ஸ்பெக்டர் தரோட்சி வந்தார்.

"அஞ்சு வருஷம் கத்துக்கொடுத்த பொண்ணோட குரல் உங்களுக்கு அடையாளம் தெரியலையா?"

"திடீர்னு... முன்னேறிட்டானு நெனச்சேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சரி, புகார் குடுக்கறீங்களா? குடுத்தா இந்தப் பொண்ணோட படிப்பு காலி."

ஒற்றைச் சொல். நீவெஸ் ஒழிவாள்; ஒத்தாவியாவின் மானம் பிழைக்கும்.

"கு... குடுக்கறேன். அவளைக் கூட்டிட்டுப் போங்க!"

நீதி சொல்ல அமர்ந்த வாய், தன் நாற்காலியைக் காக்க ஒரு மாணவியைப் பலியிட்டது!

தரோட்சி அலமாரியைத் தட்டிப் பார்த்தார்.

"வெளியே கொக்கியே இல்லையே... தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கு! ஏம்மா ஜினெவ்ரா, உன்னை அடைச்சவ உள்ளேயா இருந்தா?"

ஜினெவ்ரா தலைகுனிந்தாள்.

"நானேதான் பூட்டிக்கிட்டேன்! வேஷத்தையும் நானே குடுத்தேன். முடிவு சொன்னதும் கத்தறதுன்னு பேச்சு. ஆனா உங்களைப் பார்த்ததும் பயந்து உளறிட்டேன்... அந்த உச்ச சுரம் எனக்கு ஒருநாளும் எட்டினதில்ல, மாயெஸ்த்ரா. எட்டாததுக்கெல்லாம் மார்க் போட்டீங்க. வாங்கிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு... போட உங்களுக்கு இல்லையா?"

அரங்கம் முழுவதும் ஒத்தாவியாவையே பார்த்தது.

எழுந்தாள்.

"புகார் வாபஸ்..." குரல் உடைந்தது. "முப்பது அப்படியே இருக்கட்டும். பேர் மட்டும் மாறுது. அது நீவெஸோடது! குற்றவாளி... நான்தான். இந்த நாற்காலியில இனி உக்கார மாட்டேன்."

நீவெஸ் அழுதாள். முதல் கைத்தட்டல் ஜினெவ்ராவுடையது!

தரோட்சி தொப்பியை மாட்டிக்கொண்டு கான்ஸ்டபிளிடம் திரும்பினார்.

"வாய்யா, போலாம். இங்க தொலைஞ்சது ஒரே பொருள்தான். மாயெஸ்த்ராவோட காது! அதுவும் இப்பக் கிடைச்சிடுச்சு!"