மௌனத்தை முதலில் உடைப்பவர்

மனச்செவி வந்தபின் ஊரில் யாரும் யாரிடமும் புலம்புவதில்லை. வீட்டுக்கொன்று சுவரில் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே குரல், காலமான மனநல மருத்துவர் இளமாறனுடையது. அவர் நோயாளிகளிடம் பேசிய விதத்தையும், சாகும் தறுவாயில் அவர் மூளையிலிருந்து நகலெடுத்த நினைவுப்படியையும் சேர்த்துச் செய்த கருவி அது. அறிவுரை சொல்லாது. நாம் சொன்ன கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லும், "அப்போ என்ன தோணுச்சு?" என்று கேட்கும், பிறகு காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் ஜனங்கள் மனதைக் கொட்டினார்கள்.

அவர் மனைவி பூங்கோதைக்கு மட்டும் அதனால் ஒரு பலனும் இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். மகன் அமுதன் உயிரை மாய்த்துக்கொண்ட அன்று மாலை, அப்பாவின் அறைக்குப் போய் என்ன பேசினான்?

"ஏங்க, அமுதன் அன்னிக்கு உங்ககிட்ட என்னங்க சொன்னான்?"

"அன்னிக்கு...?" என்றது மனச்செவி. "அதை இப்போ கேட்கும்போது உங்களுக்கு என்ன தோணுது?"

உயிரோடு இருந்தபோதும் மனிதர் இப்படித்தான் நழுவினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மௌனத்தை முதலில் உடைப்பவர்தான் நோயாளி என்று அவர் பெருமையடித்துக்கொள்வார். சரி, பார்த்துவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

மனச்செவி கேள்விகளை மாற்றி மாற்றிப் போட்டது. அவள் அசையவில்லை. கடைசியில் கேள்விகள் தீர்ந்துபோயின. அவற்றுக்கு அடியில் நினைவுப்படி மட்டுமே மிச்சம் இருந்தது.

"கோதை," என்றது குரல்.

அவளை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

"'எனக்கு இருக்கவே பிடிக்கலப்பா'ன்னான். நான் 'பிடிக்கல...?'ன்னு கேட்டுட்டுக் காத்திருந்தேன். அவனாவே சொல்லட்டும்னு. என் முகத்தையே பார்த்துட்டிருந்தான், கோதை. அப்புறம் எழுந்து போயிட்டான். நான் என்ன சொல்லியிருக்கணும்?"

"போகாதடான்னு சொல்லியிருக்கணும்!" என்று அலறினாள். "கையப் பிடிச்சு உட்கார வெச்சிருக்கணும்!"

"உட்கார வெச்சிருக்கணும்...?" என்றது மனச்செவி, பழைய நிதானத்தோடு. "சொல்லுங்க, கேட்டுட்டிருக்கேன்."

அவள் இணைப்பைப் பிடுங்கி எறிந்தாள். குரல் ஓயவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் தன் வீட்டு மனச்செவியிடம் அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு இனிமே எதுவுமே வேண்டாம்."

"வேண்டாம்...?" என்று கேட்டுவிட்டு இளமாறன் மௌனமானார்.

பூங்கோதை செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.