வரிசையின் கடைசி ஆள்

பெல்ட்டைப் பிடித்திருந்த கை எப்போது வந்தது என்று நெவிலுக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாக அந்த இடத்தில் ஒரு கை இருந்துகொண்டே இருந்ததில் உடம்பு அதற்குப் பழகிப் போயிருந்தது. இடுப்புக்குப் பின்னால் விரல்கள் உள்ளே நுழைந்து பெல்ட்டை லேசாக முறுக்கிப் பிடித்தபோது அவனுக்குத் தூக்கிவாரிப் போடவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியோடேயே மழையில் ஒரு ஓடையைக் கடந்து, சேற்றில் வழுக்கி, எழுந்து, இன்னும் வெகுதூரம் நடந்துவிட்டான். பிறகுதான் இன்றைக்கு வரிசையில் தான்தான் கடைசி ஆள் என்பது அவனுக்கு உறைத்தது.

அவனுக்குப் பின்னால் யாரும் கிடையாது.

காலை வரை டார்சி இருந்தான். நெவிலுக்குப் பின்னால் டார்சி, டார்சிக்குப் பின்னால் காடு. நியூ கினி மலைகளில் ஜப்பான்காரர்கள் முன்னேற முன்னேற ஆஸ்திரேலியப் படையினரான இவர்கள் பின்வாங்கிக்கொண்டிருந்த இத்தனை நாளும் வரிசை இப்படித்தான் இருந்தது. இருவரும் தங்கள் நாட்டின் ஜிப்ஸ்லாந்து வட்டாரத்தில் ஒரே ஊர்க்காரர்கள். நெவில் வீட்டில் பால்மாடு, டார்சிக்கு ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற வேலை. படைக்கும் சேர்ந்தே பெயர் கொடுத்தார்கள், சீதபேதியும் இருவருக்கும் சேர்ந்தே வந்தது. இன்று காலை மலைமுகட்டில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் டார்சியின் நெஞ்சில் பாய்ந்தன. மூச்சு அடங்கும்வரை அவனை மடியில் வைத்திருந்தது நெவில்தான். கழுத்தில் கிடந்த இரண்டு அடையாள வில்லைகளில் ஒன்றை அறுத்து எடுத்ததும் அவன்தான். இன்னொன்று செத்தவனோடு இருக்க வேண்டும் என்பது முறை. குழி தோண்ட நேரமில்லை. அந்த முகட்டில் செத்த மற்றவர்களோடு டார்சியையும் படுக்கவைத்து, மக்கிய இலைகளை அள்ளி அள்ளிப் போட்டு மூடிவிட்டு இறங்கிவிட்டார்கள்.

அந்தக் காட்டில் இருட்டினால் தன் கை தனக்கே தெரியாது. அதற்கு அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அழுகின மரத்தில் முளைக்கும் ஒருவகைக் காளான் இருட்டில் பச்சையாக மினுங்கும். அதைப் பிய்த்து முன்னால் போகிறவன் முதுகில் அப்பிவிட்டு, அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டும் அவன் பெல்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டும் பின்னாலிருப்பவன் நடப்பான். பேச்சே கூடாது. நிற்கிற இடத்தில் கடைசி ஆள் தனக்கு முன்னாலிருப்பவன் தோளைத் தட்டுவான், அவன் அடுத்தவனைத் தட்டுவான். இப்படியே தட்டு முன்னால் போய், வரிசையை நடத்தும் கார்ப்பரலைச் சேர்ந்தால் எல்லாரும் பத்திரம் என்று அர்த்தம். பிறகுதான் வரிசை நகரும்.

சாயங்காலம் நெவில் காளானை அப்பியது கிளாரியின் முதுகில். கிளாரி நெட்டையன், ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற தொழில், எந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்காது.

"டேய், பாத்து அப்புடா. எங்க ஊட்டு வேலிக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அடிக்கிற."

"ஒட்ட மாட்டேங்குதுடா. முதுகு பூரா ஒரே அழுக்கு."

"அழுக்கு இல்ல மாப்ளே, அதுதான் சட்டை. அதையும் சொரண்டிட்டேன்னா நான் அம்மணமாத்தான் நடக்கணும்."

இந்த மாதிரிப் பேச்சுக்கு முதலில் சிரிக்கிறவன் டார்சி. அன்று யாரும் சிரிக்கவில்லை, கிளாரியும் தலையைக் குனிந்துகொண்டான். அப்போது கார்ப்பரல் ஹான்ராஹன் வரிசையின் கடைசிவரை நடந்து வந்தார். காய்ச்சலில் அவர் கண் இரண்டும் மஞ்சளாகக் கிடந்தன.

"நெவில், இன்னிக்கு நீதான் வால். முடியும்ல?"

"முடியும் கார்ப்பரல்."

"ஆத்துக்கு அந்தாண்ட ஜப்பான்காரன் உக்காந்திருக்கான். எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, மொத்தப் பேரும் காலி. கீழ ஆஸ்பத்திரிக் கூடாரத்துல எந்திரிக்க முடியாதவனுங்களா படுத்துக் கெடக்கானுங்க. நாம வந்துருவோம்னு நம்பித்தான் தூங்கிக்கிட்டிருக்கானுங்க. நம்ம வாலப் புடிச்சுக்கிட்டு வேற எதுவும் அங்க வந்துறக் கூடாது. அது உன் பொறுப்பு. சந்தேகம்னா தட்டாத. தட்டு வரலேன்னா நானே திரும்பி வர்றேன்."

"சரி கார்ப்பரல்."

இப்போது அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது.

நெவில் நடையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கிளாரியின் பெல்ட் கையிலிருந்து நழுவிவிடும், பச்சைப் புள்ளி நாலு எட்டில் மறைந்துவிடும். ஜப்பான்காரனாக இருந்தால் இந்நேரம் முதுகில் கத்தி இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேறு படைப்பிரிவில் வழிதவறியவனாக இருக்கும். காட்டில் அலைந்து, பச்சையைப் பார்த்து, கிடைத்த பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பான், பாவம். நியாயமான யோசனைதான். ஆனால் கிளாரியின் முதுகில் இருந்த பச்சையை மறைத்துக்கொண்டு நெவில் நடந்தான், நெவிலின் முதுகிலோ யாரும் காளான் அப்பவில்லை. பின்னால் வந்தவன் எதைப் பார்த்து வந்தான்?

காதைத் தீட்டிக்கொண்டான். மழை இலைகளில் விழுந்து, இலையிலிருந்து இலைக்குச் சொட்டி, கடைசியில் தொப்பியில் விழுந்தது. முன்னால் கிளாரியின் பூட்ஸ் சேற்றில் புதைந்து சளக்கென்று வெளியே வந்தது, பிறகு தன்னுடையது. அதற்குப் பின்னாலும் ஒரு சளக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஈரமான இலைக் குவியலை யாரோ இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சரசரப்பு மட்டும் விடாமல் கேட்டது. மூச்சுச் சத்தமும் இல்லை. இந்த ஏற்ற இறக்கத்தில் இருமாமல், மூச்சிரைக்காமல், ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லாமல் நடக்கிற ஆஸ்திரேலியனை அவன் இதுவரை பார்த்ததில்லை.

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கையைப் பின்னால் கொண்டுபோனான். விரல்கள் தட்டுப்பட்டன. சில்லிட்டிருந்தன. இந்த மழையில் எவன் விரல்தான் சில்லிடாது? நனைந்து ஊறியிருந்தன. எவன் விரல்தான் ஊறாது? மணிக்கட்டுப் பக்கம் தடவினான். அங்கே மெத்தென்று, மடிப்பு மடிப்பாக, மாட்டின் காதைத் தொடுவது போல ஏதோ தட்டுப்பட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். மழைக்கோட்டின் ஓரம்தான், வேறென்ன. விரல் நுனியை மூக்கருகில் கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம். தோண்டிய மண்ணின் வாசனை அடித்தது, மக்கிய இலையின் வாசனையும்.

வரிசை நின்றது.

தட்டை அவன்தான் தொடங்க வேண்டும். கையைத் தூக்கினான். அதற்குள் அவன் தோளில் ஒரு தட்டு விழுந்தது. மெதுவாக, முறையாக.

யோசிப்பதற்குள் நடந்துவிட்டது. ஒரு மாதப் பழக்கம். தோளில் தட்டு விழுந்ததும் அவன் கை தானாகப் போய்க் கிளாரியின் தோளைத் தட்டிவிட்டது. கிளாரி அடுத்தவனைத் தட்டினான். தட்டு முன்னால் ஓடியது. எல்லாரும் பத்திரம். வரிசை நகர்ந்தது. தான் செய்த காரியம் நெவிலுக்கு அப்புறம்தான் புரிந்தது. பின்னால் இருப்பது நம் ஆள்தான் என்று கார்ப்பரலுக்கு அவனே சாட்சி சொல்லி அனுப்பிவிட்டான்.

அடுத்த முறை வரிசை தயங்கியபோது கிளாரியின் காதருகே வாயைக் கொண்டுபோனான்.

"கிளாரி. எம் பின்னால எவனோ இருக்கான்."

"நீதானடா கடைசி."

"அதான் சொல்றேன்."

"வழிதப்புனவனா இருப்பான். யாருன்னு கேளு. கேட்டுட்டு வாய மூடு."

நெவில் தலையைத் திருப்பாமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான். "யாருப்பா?"

பெல்ட்டைப் பிடித்திருந்த கை ஒரு சுற்று முறுக்கி, தளர்த்தி, மறுபடி முறுக்கியது. ரொட்டி மாவைப் பிசைகிறவனின் பழக்கம். எத்தனை இரவு இதற்காக அவனைத் திட்டியிருக்கிறான், பெல்ட்டை அறுத்துவிடாதேடா தடியா என்று.

நெவில் அழுதான். பயத்தில் அழுதான், அதைவிடச் சந்தோஷத்தில். அந்த ஒரு கணம், டார்சி சாகவேயில்லை, தான்தான் அவசரப்பட்டு இலையைப் போட்டு மூடிவிட்டோம், அவன் எழுந்து நடந்து தன் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான் என்று முழு மனதோடு நம்பினான். பிறகு சட்டைப்பைக்குள் கைவிட்டு வில்லையைத் தொட்டான். காலையில் அந்த நெஞ்சில் கைவைத்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. கை உள்ளே போயிருந்தது, மணிக்கட்டுவரை.

அதற்கப்புறம் டார்சியின் பெயரை அவன் மனதுக்குள்கூடச் சொல்லவில்லை.

பாதை செங்குத்தாக இறங்கியது. வேர்களைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து தேய்த்து, ஒவ்வொருவராக இறங்கினார்கள். நெவில் கால் ஊன்றி நின்றபோது பின்னாலிருந்து பெல்ட்டில் ஒரு இடி விழுந்தது. ஒரு ஆள் வழுக்கி வந்து மோதுகிற இடி. சரி. உடனே இன்னொன்று. இன்னொன்று. ரயில் நிற்கும்போது பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி, பக்கத்தில் பலமாக, அப்புறம் தள்ளித் தள்ளி, மேலே மேலே, மெலிந்துகொண்டே போயின. அவன் நின்றுகொண்டிருந்தான். இடி வந்துகொண்டே இருந்தது.

அவன் ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு வரவில்லை.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுடுவான். கிளாரி போவான், கார்ப்பரல் போவார். கத்தாமல் நடந்தான். நடக்க நடக்கப் பாதை ஒரு பள்ளத்தைச் சுற்றி வளைந்து, எதிர்ச் சரிவுக்குப் போனது. அங்கே மழை விட்டிருந்தது. மரங்களுக்கு நடுவில், வெகு கீழே, கம்பளியால் மறைத்த ஒரு விளக்கின் மஞ்சள் ஓரம் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கூடாரம். யாரோ தூக்கத்தில் முனகுவது அங்கிருந்து மேலே வந்தது, இன்னொருவன் தண்ணீர் கேட்டான். உயிருள்ள குரல்கள்.

வரிசை நின்றது.

கடைசி நிறுத்தம் இதுதான். இங்கே தட்டு போய்ச் சேர்ந்தால் கார்ப்பரல் நேரே கீழே இறங்கிவிடுவார். நெவில் கையை எடுத்துத் தன் மார்போடு அழுத்திக்கொண்டான்.

தோளில் தட்டு விழுந்தது.

அசையவில்லை.

மறுபடி தட்டு. பொறுமையாக.

"தட்டுடா," என்று கிளாரி முணுமுணுத்தான். "செத்துட்டியா?"

மாட்டேன். தட்ட மாட்டேன். தட்டு போகாவிட்டால் கார்ப்பரல் திரும்பி வருவார், அவர் பார்க்கட்டும், அவர் சொல்லட்டும். நெவில் பல்லைக் கடித்துக்கொண்டான். அந்த இரவில் அவன் கையில் இருந்தது இது ஒன்றுதான். கீழே படுத்திருப்பவர்களுக்காக இதையாவது செய்தே தீருவது என்று நின்றான். நின்றுகொண்டே, முதல்முறையாக, தலையைத் திருப்பினான். நேர் பின்னால் பார்க்கத் துணிவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், அவர்கள் இறங்கி வந்த சரிவைப் பார்த்தான்.

சரிவெங்கும் பச்சை.

ஒன்றன்பின் ஒன்றாக. பாதை வளைந்த இடத்தில் வளைந்து, ஏறிய இடத்தில் ஏறி, முகட்டுவரை. ஆள் உயரத்தில், ஒரே சீராக இடைவெளி விட்டு. முதுகில் அப்பிய காளான் என்றால் பின்னாலிருந்துதான் தெரியும். இவை அவனை நோக்கியிருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. யாரும் அப்பியது இல்லை. தானாக முளைத்தது. கண்குழியில், வாயில், மூக்கில், மடிப்பு மடிப்பாக. நெவிலின் படைக்காரர்களுடைய தொப்பிகள் இருந்தன. ஜப்பான்காரர்களின் தொப்பிகளும் இருந்தன. எல்லாரும் முன்னாலிருப்பவன் பெல்ட்டை ஒழுங்காகப் பிடித்திருந்தார்கள்.

அவன் கழுத்துக்குப் பின்னால், மிகப் பக்கத்தில், பச்சை வெளிச்சம் விழுந்து தோள்பட்டை தெரிந்தது.

"கார்ப்பரல்," என்று சொல்ல வாய் திறந்தான். காற்றுதான் வந்தது.

பெல்ட்டிலிருந்து கை விலகியது. அவன் கன்னத்தை ஒட்டி, காதை உரசிக்கொண்டு, ஒரு கை முன்னால் நீண்டது. ஈரமாக. இலை ஒட்டிக்கொண்டு. அவனைத் தாண்டிப் போய்க் கிளாரியின் தோளை மெல்லத் தட்டியது.

"அப்பாடா," என்றான் கிளாரி. முன்னாலிருந்தவனைத் தட்டினான்.

தட்டு போய்விட்டது. முன்னால் கார்ப்பரல் இறங்குகிற சத்தம் கேட்டது. கிளாரியின் பெல்ட் நெவிலின் விரல்களை இழுத்தது. கை பழையபடி அவன் இடுப்புக்குத் திரும்பி, பெல்ட்டை முறுக்கிப் பிடித்து, முன்னே தள்ளியது. அவன் கால்கள் நடந்தன. பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில் முதல் பச்சை அசைந்தது, அடுத்தது அசைந்தது, அதற்கடுத்தது. அசைவு ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டே போனது. அவன் பாதி வழி இறங்கிய பிறகும், விளக்கு இன்னும் பெரிதான பிறகும், முகட்டின் உச்சியில் புதிய பச்சைகள் வரிசையில் வந்து சேர்ந்துகொண்டிருந்தன.